பொருளியலும் கணிதமுமா, பொருளியலுடன் கணிதமா

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், என் அக்காள் மகள் ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு நீலக் கோப்பைச் சுமந்துகொண்டு வந்தாள். ஆண்டு இறுதியில் எச்.எஸ்.சி. தேர்வு எழுதப்போகிறவள், கணிதம், பொருளியல், கணக்கியல் மூன்றும் அவளுடைய முதன்மைப் பாடங்கள். பதினோரு பட்டப்படிப்புகளின் விவரங்களை அச்செடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு நிறச் சீட்டை ஒட்டி அடுக்கியிருந்தாள். "சித்தி" என்ற சொல்லைத் தவிர அவள் என்னிடம் பேசுவதெல்லாம் கிரியோலில்தான். மொரிசியசில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் இன்று அப்படித்தான் இருக்கிறது. அவள் கேட்டதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "சித்தி, எல்லாவற்றிலும் கணிதம் இருக்கிறது, எல்லாவற்றிலும் பொருளியல் இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை பெயர்? எதில் சேர்ந்தால் என்ன?"

எதில் சேர்ந்தால் என்ன என்று நினைத்துத்தான் நானும் ஒரு காலத்தில் சேர்ந்தேன். ஆகையால் அந்தக் கேள்விக்கு அன்று மாலையே பதில் சொல்லி அவளை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தடுத்த நான்கு சனிக்கிழமைகள் அவள் வந்தாள். அந்த உரையாடல்களில் தெளிந்தவற்றையும், அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்றிரண்டையும் இங்கே எழுதுகிறேன். இதே தேர்வின் முன் நிற்கும் வேறு பிள்ளைகளும், அவர்களைவிடக் கவலையோடு நிற்கும் பெற்றோரும் இருப்பார்கள் என்பதால்.

முதலில் பெயர்களைப் பார்த்தோம். வெறும் பொருளியல் என்று ஒன்று. பொருளியலும் கணிதமும் என்று ஒன்று. பொருளியலுடன் கணிதம், கணிதத்துடன் பொருளியல் என்று இரண்டு. பொருளாதார அளவியலும் கணிதப் பொருளியலும் என்று இன்னொன்று. இவற்றில் 'உம்' என்று இணையும் பெயருக்கும் 'உடன்' என்று இணையும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை விளம்பர அலங்காரமாக எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் 'உம்' என்றால் இரண்டு துறைகளும் ஏறத்தாழச் சரிபாதி. 'உடன்' என்றால் முன்னே நிற்பது முதன்மை, பின்னே வருவது துணை. இதில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். நம் இலக்கணத்தில் 'ஒடு' உருபு உயர்ந்ததன் மேல் ஏறும் என்று மோக்காவில் தமிழ் வகுப்புக்குப் போன காலத்தில் எனக்குக் கற்பித்தார்கள். "அரசனொடு சேவகர் வந்தனர்" என்போம், அங்கே பெரியவர் அரசர். ஆங்கிலப் பட்டப் பெயரில் உடன்வருவதோ சேவகர். பொருளியலுடன் கணிதம் என்ற பட்டத்தில் கணிதம் பின்னால் நடந்து வருவது, அதுவும் பல இடங்களில் மிகவும் பின்தங்கி வருவது.

அது எவ்வளவு பின்தங்கும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு 'உடன்' பட்டத்தில் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. மூன்று ஆண்டுகளில் எனக்கு வந்த கணிதம் நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், கொஞ்சம் புள்ளியியல். அத்தனையும் செய்முறைகள், இப்படி வந்தால் இப்படிச் செய் என்ற வகை. எனக்கு நன்றாகவே வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பொருளியல் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். வந்த பதில் ஒரே பக்கம். என் மதிப்பெண்கள் போதுமானவை, ஆனால் மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ், நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவல்களோடு கற்கும் பாடம்) படித்ததற்கான சான்று என் பட்டியலில் இல்லை என்று அதில் இருந்தது. மெய்ப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் இருப்பதையே அந்தக் கடிதத்தின் வழியாகத்தான் நான் முதன்முதலில் சரியாக அறிந்தேன். என் பல்கலைக்கழகத்திலேயே, இரண்டு கட்டடம் தள்ளி, கணித மாணவர்களுக்கு அதைக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். என் பட்டத்தில் அது விருப்பப் பாடமாகக்கூட இல்லை, அதை எடுக்கலாமா என்று கேட்கவேண்டும் என்று எனக்குச் சொல்வாரும் இல்லை. ஊர் திரும்பினேன், போர்ட் லூயிஸில் எண்களோடு பழகும் ஓர் அலுவலக வேலை கிடைத்தது, அதை விரும்பியே செய்கிறேன். ஆனால் அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் மாலைகளில் போய் அமர்ந்து, அந்தப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இருபது வயதில் படித்திருந்தால் என் வாழ்க்கை எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொருளியலை நான் புரிந்துகொண்ட விதம் மாறியிருக்கும் என்பது மட்டும் உறுதி.

ஆகவே என் அக்காள் மகளிடம் நான் சொன்ன முதல் அறிவுரை: பட்டத்தின் பெயரை மூடிவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலைத் திற. மெய்ப் பகுப்பாய்வும், நிறுவல்களோடு கற்பிக்கப்படும் நேரியல் இயற்கணிதமும் அங்கே கட்டாயமா, விருப்பமா, அல்லது இல்லவே இல்லையா என்று பார். 'பொருளியலுக்கான கணிதம்', 'அளவுசார் முறைகள்' என்ற தலைப்புகள் எத்தனை இருந்தாலும் அவை வேறு வகை.

"அது என்ன அப்படி ஒரு பாடம்?" என்று கேட்டாள். விளக்கவுரை சொல்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று தோன்றியது. நாள்காட்டியின் ஜூலைத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தை மேசையில் விரித்தேன். நூறு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்து அதன்மேல் வைத்தேன். எங்கள் தமிழ் அரசியல் தலைவர் சீனிவாசனின் முகமும், தமிழில் எழுதிய தொகையும் உள்ள தாள்கள். "இந்த இருநூறு ரூபாயோடு ரோஸ் ஹில் சந்தைக்குப் போகிறாய். போம்தாமூர் ஒரு லீவ் ஐம்பது ரூபாய், பிரென்ஜெல் ஒரு லீவ் இருபத்தைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்" என்றேன். வெளியூர் வாசகர்களுக்கு: போம்தாமூர் தக்காளி, பிரென்ஜெல் கத்தரிக்காய், லீவ் என்பது எங்கள் சந்தையில் அரைக் கிலோ. தக்காளி மட்டும் வாங்கினால் நான்கு லீவ், கத்தரிக்காய் மட்டும் வாங்கினால் எட்டு லீவ். அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், கோட்டுக்கும் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் ஒரு முக்கோணம் கிடைக்கிறது. அவளால் வாங்க முடிந்த கூடைகளெல்லாம் அந்த முக்கோணத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் இருக்கின்றன. ஒரு கூடையின் பயன் என்பது தக்காளியின் அளவையும் கத்தரிக்காயின் அளவையும் பெருக்கி வருவது என்று வைத்தால், எந்தக் கூடை சிறந்தது?

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இறுதிநிலைப் பயன்பாடுகளின் (ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் வாங்கினால் கூடும் பயனின்) விகிதம் விலைகளின் விகிதத்துக்குச் சமமாக வேண்டும் என்று எழுதி, இரண்டு லீவ் தக்காளி, நான்கு லீவ் கத்தரிக்காய் என்று விடை சொன்னாள். சரியான விடை, நூறும் நூறும் இருநூறு. பள்ளியில் நன்றாகக் கற்பித்திருக்கிறார்கள்.

"சிறந்த கூடை என்று ஒன்று இருக்கிறது என்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடித்துவிட்டேனே, சித்தி."

"கண்டுபிடித்தாய். இப்போது கத்தரிக்காயை இலவசமாகக் கொடுக்கிறார்கள். மறுபடி கண்டுபிடி."

அவள் பென்சிலை எடுத்தாள், விலை விகிதத்தை எழுதத் தொடங்கினாள், கீழே பூச்சியம் வந்ததும் நிறுத்தினாள். படத்தைப் பார்க்கச் சொன்னேன். கத்தரிக்காய் அச்சின் பக்கம் முக்கோணம் திறந்துகொண்டு, முடிவில்லாமல் நீளும் ஒரு பட்டையாகிவிட்டது. தக்காளி உள்ள எந்தக் கூடையைக் காட்டினாலும் அதைவிட ஒரு கத்தரிக்காய் கூடுதலாக உள்ள கூடை மேலானது. ஆகையால் சிறந்த கூடை என்று ஒன்று இல்லை. பிறகு கத்தரிக்காயின் விலையைப் பழையபடி இருபத்தைந்தாக்கிவிட்டு, இன்னொரு நிபந்தனை வைத்தேன்: இருநூறையும் முழுதாகச் செலவிடக் கூடாது, கையில் ஏதாவது மிஞ்சவேண்டும், எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வாங்கினால் நூற்றுத் தொண்ணூற்றொன்பதரைக்கு வாங்குவது மேல், அதைவிட முக்கால் மேல், இப்படியே போய்க்கொண்டிருக்கும். எட்டவேண்டிய இடம் விளிம்பு, விளிம்பில் நிற்க அனுமதி இல்லை. இம்முறை முக்கோணம் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அதன் விளிம்பு போய்விட்டது. மறுபடியும் சிறந்த கூடை இல்லை.

வரம்புக்குள் அடங்கியிருக்க வேண்டும், விளிம்பையும் தன்னுள் கொண்டிருக்க வேண்டும்: இந்த இரண்டும் உள்ள கணத்தின் மேல் தொடர்ச்சியான சார்பு ஒன்று தன் பெரும மதிப்பை நிச்சயம் அடையும் என்பது வயர்ஷ்ட்ராஸ் பெயரால் வழங்கும் தேற்றம். மெய்ப் பகுப்பாய்வுப் பாடத்தின் நடுப்பகுதியில் அது வரும். முதுகலைப் பொருளியலின் தொடக்க வாரங்களில், நுகர்வோருக்குத் தேவைச் சார்பு (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார் என்பது) என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு விடையாக அதே தேற்றம் வந்து நிற்கும். அங்கே அதை யாரும் கற்பிக்க மாட்டார்கள், தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் வாங்கிய பட்டம் எனக்கு விடை காணக் கற்பித்தது. விடை இருக்கிறதா என்று கேட்கக் கற்பிக்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வி ஒரு பிள்ளைக்கு வீண் நுணுக்கமாகத் தோன்றினால் அதில் தவறு எதுவும் இல்லை. நல்ல பொருளியல் பட்டமொன்றில் சேர்ந்து, வரலாறும் கொள்கையும் தரவும் படித்துச் சிறந்த பொருளியலாளராக வரலாம். ஆனால் அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தால், சரிபாதிப் பட்டமோ கணிதத்தையே முதன்மையாகக் கொண்ட பட்டமோதான் அந்தப் பிள்ளைக்கு ஏற்றது.

அன்று இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கத்தரிக்காய் இலவசம்தான், ஆனால் ஆறு லீவுக்கு மேல் போனால் திகட்டிவிடும், பயன் குறையத் தொடங்கும் என்று வைத்து வரைந்திருந்தாள். பட்டை முடிவில்லாமல் நீள்கிறது, இருந்தும் சிறந்த கூடை இருக்கிறது: நான்கு லீவ் தக்காளி, ஆறு லீவ் கத்தரிக்காய். கீழே எழுதியிருந்தாள்: "அப்படியானால் உங்கள் நிபந்தனை இருந்தால் போதும், ஆனால் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, சரியா?" போதுமான நிபந்தனைக்கும் தேவையான நிபந்தனைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லாமல் அவளே கண்டிருந்தாள். அந்தப் படத்தை நான் பலமுறை திறந்து பார்த்தேன்.

அந்த வகைக் கேள்வி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேறு வழியும் உண்டு. கேம்பிரிட்ஜ், லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், வார்விக் முதலியவை இத்தகைய படிப்புகளுக்குக் கேட்கும் டி.எம்.யூ.ஏ. என்ற கணித நுழைவுத் தேர்வில் இரண்டு தாள்கள்; ஒவ்வொன்றிலும் 20 வினாக்கள், 75 நிமிடங்கள், கணிப்பான் கிடையாது. முதல் தாள் கணக்குப் போடும் திறனைப் பார்க்கிறது. இரண்டாவது தாள் தருக்கத்தைப் பார்க்கிறது: இது அதற்குத் தேவையா, போதுமா, இந்த நிறுவலில் பிழை எந்த வரியில் என்பது போன்ற வினாக்கள். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தேர்வை எழுதுகிறீர்களோ இல்லையோ, இரண்டாம் தாள் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து செய்து பாருங்கள். எத்தனை சரி என்பதைவிட, நேரம் போனது தெரிந்ததா இல்லையா என்பதைக் கவனியுங்கள்.

இனி இடங்கள். இங்கிலாந்தைப் பற்றி அக்காவுக்கு இருந்த எண்ணம், பெரிய பெயர் இருந்தால் எல்லாம் இருக்கும் என்பது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதத்தையும் பொருளியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்க வழியில்லை என்று சொன்னபோது அவளுக்கு நம்பமுடியவில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் 'கணிதமும் பொருளியலும்' ஒரு பட்டம், 'கணிதத்தை முதன்மையாகவும் பொருளியலைத் துணையாகவும்' கொண்டது வேறொரு பட்டம், 'பொருளாதார அளவியலும் கணிதப் பொருளியலும்' என்பது மூன்றாவது. ஒரே வளாகத்தில் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள். வார்விக்கில் மோர்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டத்தில் கணிதம், செயலாய்வு, புள்ளியியல், பொருளியல் நான்கும் சேர்கின்றன. அதைப் பொறுப்பேற்று நடத்துவது புள்ளியியல் துறை. எந்தத் துறை நடத்துகிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றும், ஆனால் எனக்கு நேர்ந்ததை நினைத்தால் அது முதலில் கேட்கவேண்டிய கேள்விகளில் ஒன்று. கணிதத் துறையோ புள்ளியியல் துறையோ நடத்தும் பட்டத்தில், கணித மாணவர்கள் உட்காரும் அதே வகுப்பில் நீங்களும் உட்காரும் வாய்ப்பு அதிகம். இதற்கெல்லாம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்ற மலை ஒன்று முன்னே நிற்கிறது. எச்.எஸ்.சி. தேர்வின் பொருளியல் பிரிவில் லாரியட்டாக, அதாவது முன்னணி மாணவராக வந்து அரசின் உதவித்தொகை பெறுகிற ஒரு சிலரைத் தவிர மற்றக் குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துத்தான் அதைத் தாண்டுகின்றன. எங்கள் குடும்பத்தில் ஒருமுறை தாண்டினோம்; அதனால்தான் அந்தப் பணத்துக்கு என்ன பாடம் கிடைத்தது என்று நான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு என்று வளர்ந்த பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் அந்நியமான இடமில்லை. அங்கே கணிதத்தைக் கற்பிக்கும் முறையும் எனக்குப் பிடித்தது: முதல் அரையாண்டிலிருந்தே நிறுவல், வரையறை, எதிர்க்காட்டு. 'மியாஷ்' என்று சொல்லப்படும் லிசான்ஸ் (இளநிலை) பட்டம், அதாவது மனித, சமூக அறிவியல்களுக்குப் பயன்படும் கணிதமும் கணினியியலும், பல ஊர்களில் இருக்கிறது. சில இடங்களில் பொருளியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து இரட்டை லிசான்ஸ் இருக்கிறது. துலூஸ் பொருளியல் பள்ளியில் பொருளியலும் கணிதமும் இணைந்த படிப்பு உண்டு. 2014-இல் நோபல் பெற்ற ழான் திரோல் பணியாற்றும் இடம் அது. கட்டணத்தைப் பொறுத்தவரை, 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு லிசான்ஸுக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ என்று உயர்த்தினார்கள், அதன் பிறகும் சற்று ஏறியிருக்கிறது, பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிக்கவும் செய்கின்றன. உயர்த்திய பிறகும் இங்கிலாந்துக் கட்டணத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. அண்டைத் தீவான ரியூனியனில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணத்தில், செயின்ட் டெனியில் அதே பிரெஞ்சு முறையில் இயங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது என்பதையும் கோப்பில் சேர்க்கச் சொன்னேன்.

பிரெஞ்சு மரபில் இந்த இரண்டு துறைகளின் உறவுக்கு நீண்ட கதை உண்டு. சந்தைகள் எல்லாம் ஒருங்கே சமநிலை அடைவதைச் சமன்பாடுகளாக முதலில் எழுதிய லியோன் வால்ரா, கணிதம் போதவில்லை என்று எக்கோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் இருமுறை தவறியவர். சமன்பாடுகளின் எண்ணிக்கையும் அறியாக் கணியங்களின் எண்ணிக்கையும் சமம் என்று காட்டியதோடு அவர் நின்றார். அந்தச் சமநிலை உண்மையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு நிறுவலோடு விடை வர 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஜெரார் தெப்ரூ பாரிசில் கணிதம் பயின்று பொருளியலுக்கு வந்தவர், 1983-இல் நோபல் பெற்றார். நாள்காட்டித் தாளில் நான் கேட்ட கேள்வியும் அவர்கள் கேட்ட கேள்வியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று என் அக்காள் மகளிடம் சொன்னேன். வால்ராவின் தோல்வியைக் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். அவள் பள்ளியில் மேல்நிலைக் கணிதம் கற்பிக்கவில்லை, அது அவளுக்கு ஒரு பயமாகவே இருந்தது.

தென்னாப்பிரிக்காவைச் சுருக்கமாகப் பார்த்தோம். அங்கே இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டு, ஆனர்ஸ் என்பது தனியாக நான்காம் ஆண்டு. ஜோகனஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியலையும் கணிதத்தையும் இணைக்கும் பொருளியல் அறிவியல் பட்டம் ஒன்று உண்டு.

உள்ளூரில் இருப்பதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ரெதுயியில் உள்ள மொரிசியஸ் பல்கலைக்கழகம் 1965-இல் தொடங்கியது. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அங்கே பொருளியல் சமூக அறிவியல் புலத்தில் இருக்கிறது, கணிதம் அறிவியல் புலத்தில் இருக்கிறது. இங்கேயே படிப்பதானால் நான் கணிதத்தில் சேரச் சொல்வேன். பொருளியலை வெளியே படித்து நிரப்பிக்கொள்ள முடியும், நல்ல நூல்களும் அறிக்கைகளும் கிடைக்கும். பகுப்பாய்வைத் தனியாகப் படித்து நிரப்புவது எவ்வளவு கடினம் என்பதை நான் அனுபவித்தவள். முப்பத்தைந்து வயதில், ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை என்று போனது.

இப்படிச் சொன்னதால் கணிதம் மட்டும் போதும் என்று நான் நினைப்பதாக அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அதைத் திருத்துவதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் வேண்டியிருந்தது. 1960-இல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் மொரிசியசுக்கு வந்தார், 1961-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. மலேரியா ஒழிந்தபின் மக்கள்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் பெருகிக்கொண்டிருந்த காலம். தீவில் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர், கரும்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. இதே வேகத்தில் போனால் நூற்றாண்டின் முடிவில் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டும் என்ற கணிப்பு அந்த நாள்களில் எழுந்தது, மீட் கண்ட எதிர்காலம் இருண்டதாகவே இருந்தது. கூட்டு வளர்ச்சிக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. யார் போட்டாலும் அந்த எண்தான் வரும். ஆனால் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாம் 12 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பிறப்பு விகிதம் விழுந்தது. 1970-இல் ஏற்றுமதி வலயச் சட்டம் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன, எங்கள் அம்மாவைப் போன்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள், கரும்புத் தோட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்வு பிறந்தது. எடுகோள்கள் மாறியதால் விடை மாறியது. பின்னாளில் 1977-இல் நோபல் பெற்ற அறிஞரின் கணிப்பு அது என்பதை எண்ணும்போது, எடுகோளை எடைபோடுவது எவ்வளவு கடினமான வேலை என்பது விளங்குகிறது. அந்த வேலையைக் கணித வகுப்பு கற்பிக்காது. பொருளாதார வரலாறும், தரவைக் கையால் அளைந்து பார்க்கும் பொருளாதார அளவியலும், நீண்ட கட்டுரை எழுதி ஓர் ஆசிரியரிடம் திட்டு வாங்குவதும்தான் கற்பிக்கும்.

எனவே இரண்டாவது சோதனை ஒன்றைச் சேர்த்தோம்: பட்டத்தில் உண்மைப் பொருளாதாரம் ஒன்றைப் பற்றி எழுதியே ஆகவேண்டிய பாடம், ஆய்வேடாகவோ செயல்திட்டமாகவோ, கட்டாயமாக இருக்கிறதா? இதில் அவள் கோப்பிலிருந்த நான்கு பட்டங்கள் கழிந்தன. பகுப்பாய்வுச் சோதனையில் ஏற்கெனவே மூன்று கழிந்திருந்தன.

கடைசிச் சனிக்கிழமை அத்தானும் வந்திருந்தார். அவருக்கு இந்தப் பேச்செல்லாம் பொறுமையைச் சோதித்தது என்பதை முகமே சொன்னது. எபேனில் உள்ள நிதி நிறுவனங்களில் ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தேர்வை முடித்தவர்களுக்கு உடனே வேலை கிடைக்கிறது, காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆனால் இன்னும் நல்லது, இந்தப் பெண் ஏன் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். அவர் கவலை நியாயமானது. பணம் கட்டப்போகிறவர் அவர். ஆக்சுவரி ஆக விரும்பினால் நிகழ்தகவும் புள்ளியியலும் ஆழமாக உள்ள எந்தக் கணிதப் பட்டத்திலிருந்தும் அந்தத் தொழில்தேர்வுகளுக்குப் போகலாம் என்று விளக்கினேன். கணக்காளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் தடையில்லை. ஆனால் கணக்கியலிலோ ஆக்சுவரியல் படிப்பிலோ தொடங்கிவிட்டுப் பின்னர் பொருளியல் ஆய்வுக்குத் திரும்ப நினைத்தால், எனக்கு வந்தது போன்ற ஒருபக்கக் கடிதம் வரக்கூடும். ஒரு பாதையிலிருந்து மற்றதற்குப் போக முடிகிறது, மற்றதிலிருந்து இதற்கு வருவது மிகவும் கடினம் என்றால், இருபது வயதில் எதை முதலில் எடுப்பது என்று அத்தானிடமே கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அக்காவும் அவரும் அதை முதன்முறையாகப் படித்தார்கள். "இதை நீ சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா.

கோப்பில் இப்போது நான்கு தாள்கள் இருக்கின்றன: துலூஸ், வார்விக்கின் மோர்ஸ், லண்டனின் 'கணிதமும் பொருளியலும்', எதுவும் கைகூடாவிட்டால் ரெதுயியில் கணிதம். முதலிடம் துலூஸுக்கு என்று அவளே முடிவு செய்தாள், செலவும் அதற்கு ஒரு காரணம்தான்.

நேற்று துலூஸுக்கான விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியைப் பிரெஞ்சில் எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். ரோஸ் ஹில் சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் பிரென்ஜெலில் அது தொடங்குகிறது, இரண்டாவது வாக்கியத்தில் முக்கோணம் திறந்துகொள்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. பிரென்ஜெல் என்றால் துலூஸில் யாருக்கும் விளங்காது, அங்கே அதை ஓபெர்ஜின் என்பார்கள் என்று மட்டும் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினேன்.